லேசர் இயந்திரம் வந்துவிட்டது. இனி எதை வெட்டுவது? – ஒடியல் மா, கடற்பாசி, வைக்கோல் பற்றிய இணையக் கலந்துரையாடல் இழை

கரும்பலகை – பெப்ரவரி 8

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுக்கு உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். சென்ற ஆண்டு இறுதியில் நலன்விரும்பி ஒருவரின் உதவியால் எங்களுக்கு ஒரு முப்பரிமாண அச்சுப்பொறியும் 40 வாட் லேசர் வெட்டும் இயந்திரமும் கிடைத்தன. நாடா வெட்டினோம், படம் எடுத்தோம், வடையும் தேநீரும் கொடுத்தோம். அதன்பிறகு பிள்ளைகள் செய்ததெல்லாம் பெயர் பொறித்த திறப்பு வளையங்கள்தான். அக்ரிலிக் தகடு கொழும்பிலிருந்து வருகிறது. வெட்டிய மிச்சம் மைதானத்துக்குப் பின்னால் குழியில் எரிகிறது. அந்தப் புகை அடங்குவதற்குள் நான் வகுப்பில் “நிலைபேறான அபிவிருத்தி” என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. வெட்டும் பொருளையே இங்கே கிடைப்பதிலிருந்து பிள்ளைகளைக் கொண்டு செய்விக்கலாம் என்று இறங்கினேன். மூன்று முயற்சி, மூன்றும் தோல்வி.

முதலாவது, ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா) 10 கிராம், தண்ணீர் 60 மில்லிலீற்றர், கிளிசரின் 5, வினாகிரி 5. பசையாகும் வரை காய்ச்சித் தரை ஓட்டில் பரப்பி வெயிலில் வைத்தோம். இரண்டாம் நாள் அப்பளம்போல் நொறுங்கியது.

இரண்டாவது, ஜெலட்டின். காய்ச்சத் தொடங்கும் முன்பே ஒரு மாணவி “ரீச்சர், இது எதிலிருந்து எடுப்பது?” என்று கேட்டாள். மறைக்க முடியுமா? மாட்டுத் தோல், எலும்பு, சிலவேளை பன்றி என்றேன். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் ஊற்றினார்கள். மத்தியானம் தகரக் கூரையின் கீழ் அது மீண்டும் பாணியாகிவிட்டது.

மூன்றாவது, கடையில் வாங்கிய கடற்பாசி. நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்வார்களே, அதே பொதிதான். கொதிக்கக் கொதிக்க அச்சடித்த வார்ப்பில் ஊற்றினோம். கடற்பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை, வார்ப்பு வளைந்துவிட்டது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். காய்ச்சும் பாத்திரம் என் வீட்டுடையது, அதை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

உமிக்கரி – பெப்ரவரி 8

ரீச்சர், பாத்திரத்தைத்தான் முதலில் சொல்வேன். இந்த வேலைக்கு எடுத்த பாத்திரம் இனிச் சமையலுக்குப் போகக்கூடாது. ஒரு பழைய சட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

வார்ப்பு வளைந்ததற்குக் காரணம் எளிது. அச்சுப்பொறியில் போடும் இழை பெரும்பாலும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்ரிக். அது 60 பாகை செல்சியசை அண்டினாலே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே கோணிவிடும். நீங்கள் அதில் கொதிநீரை ஊற்றியிருக்கிறீர்கள். கடற்பாசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கரைய 85 பாகைக்கு மேல் வேண்டும், ஆனால் உறைவதோ 40க்குக் கீழே போனபிறகுதான். ஆகவே இறக்கி வைத்துக் கிளறி, 50 பாகைக்கு வந்ததும் ஊற்றுங்கள். வார்ப்பும் தப்பும், குமிழியும் குறையும். ஜெலட்டின் உருகியதும் இதே கணக்குத்தான். அதன் உருகுநிலை எங்கள் கோடை வெப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. குளிர்நாட்டில் எழுதிய செய்முறை இங்கே பகல் பன்னிரண்டு மணியைத் தாண்டாது.

ஒடியல் மாவில் ஒரு சந்தேகம். ஒடியலா, புழுக்கொடியலா? புழுக்கொடியல் அவித்துக் காயவைத்தது. அதன் மாப்பொருள் ஏற்கெனவே வெந்து முடிந்தது, மறுபடி நன்றாகப் பசையாகாது. பச்சை ஒடியல் மா என்றாலும் அதில் தும்பு நிறைய. தண்ணீரில் கரைத்துத் துணியில் வடித்து அடியில் படிவதை எடுங்கள், மரவள்ளியில் மா எடுப்பதுபோல. காயவைப்பது நிழலில். வெயிலில் மேல்தோல் முதலில் சுருங்கும், அடி ஈரமாகவே கிடக்கும், பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்?

கடைசியாக ஒன்று, இதை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். லேசரில் பி.வி.சி. வைக்கவே கூடாது. ரெக்சின், சில ஸ்டிக்கர்த் தாள், குழாய்த் துண்டு எல்லாம் இதில் அடங்கும். வெளிவருவது ஐதரசன் குளோரைட்டு. அது பிள்ளைகளின் நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் சேர்த்தே அரிக்கும். அக்ரிலிக் மிச்சத்தை எரிப்பதையும் இன்றோடு விடுங்கள்.

பனிமனிதன் – பெப்ரவரி 9

நான் மாங்குளத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் பனி வழிப்பவன். வயது எழுபது ஆகிறது. குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள்.

ஒடியல் மா சாப்பாட்டுச் சாமான். கூழ் காய்ச்சும் மாவில் தட்டுச் செய்து எறிவதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதா? எங்கள் ஊரில் ஒடியற்கூழைக் குடித்து உயிர்பிழைத்த காலத்தைக் கண்ட யாரும் இதைச் சகிக்கமாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி உமிக்கரிக்கு. பி.எல்.ஏ. சோளத்திலிருந்து வருவது, மக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதே. அப்படியானால் அச்சடித்த மிச்சத்தை எருக்குழியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாமே? எதற்கு இந்தப் பாடெல்லாம்?

மூன்றாவது கேள்வி அல்ல, எரிச்சல். இங்கே ஒரு கூட்டத்துக்குப் போனேன். 1998இல் எம்.ஐ.டி.யில் நீல் கேர்ஷன்ஃபெல்ட் “ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி” என்று ஒரு பாடம் தொடங்கியதையும், அதிலிருந்து ஃபேப் லேப் என்ற பட்டறைகள் உலகெங்கும் முளைத்ததையும் சொன்னார்கள். நல்லது. 2014இல் பார்சிலோனா நகரம், 2054க்குள் தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்ளப் போவதாக உறுதி எடுத்ததாம். நாற்பது ஆண்டு அவகாசம்! பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்கு யார் அவகாசம் தந்தது? ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் காட்டி எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அதற்கு ஒருவரும் சான்றிதழ் தரவில்லை.

உமிக்கரி – பெப்ரவரி 9

ஐயா, அந்த மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் இருந்து இருமியவர்களில் நானும் ஒருவன். வேறு வழியில்லாமல் செய்ததை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். செய்த மூளையைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பி.எல்.ஏ. பற்றி: மக்கும் என்பது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ஏறத்தாழ 58 பாகையில் வாரக்கணக்காகச் சூடு குறையாமல் வைத்திருக்கும் தொழிற்சாலைக் குவியலில்தான் அது மக்கும். எங்கள் எருக்குழி அந்தச் சூட்டை அப்படித் தாங்கிப் பிடிக்காது. குளத்தில் விழுந்தாலும் கடலில் விழுந்தாலும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ரீச்சர், இதை யாரும் சொல்லி நம்பவேண்டாம். ஒரு துண்டைப் புதைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டைக்கூடை – பெப்ரவரி 11

நான் பளைப் பக்கம். மூன்று தலைமுறையாக ஓலை வேலை. இந்த இழையை மகள் வாசித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

நீங்கள் எல்லோரும் தகடு செய்யப் பாடுபடுகிறீர்கள். பனை தகடாகவே தருகிறது. மாவைக் கூழாக்கி, கூழைத் தகடாக்கி, அந்தத் தகட்டை வெட்டி, பிறகு வடிவாக்கி… ஏன் இந்தச் சுற்று? குருத்தோலையை வெட்டி, ஈர்க்கு நீக்கி, அவித்து, நிழலில் உலர்த்தினால் பால்நிறத்தில் தாள்போல் வரும். அதில் சாயமும் ஏறும்.

உங்கள் லேசரில் ஓலை வெட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு திட்டத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓரம் கருகியது, விரல் பட்டால் கரி ஒட்டியது. ஓலைக்கு நார் நீளவாக்கில் ஓடுகிறது; குறுக்கே வெட்டினால் இரண்டு மடிப்பில் கிழியும். அதை அங்கே படம் வரைந்த பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கணினியில் வரைந்த பூவை நாங்கள் ஓலையில் வெட்டவேண்டும் என்றார். பூ வந்தது, பெட்டி வரவில்லை.

எங்கள் அம்மா ஓலையைக் கையில் எடுத்தால் முதலில் கேட்பது, இது எத்தனை நாளைக்கு என்றுதான். பிளா ஒரு முறை கூழ் குடிக்க. குடித்து முடித்தால் வேலியடியில் போட்டுவிடுவோம். அதற்குச் சார்வோலை போதும், இரண்டு மடிப்பு, ஒரு முடிச்சு. நீத்துப்பெட்டி நாள்தோறும் ஆவியில் நிற்கவேண்டும், அதற்கு இழை நெருக்கம். கடகம் நெல் சுமக்கவேண்டும், அதற்கு விளிம்பில் நார் கட்டி இரட்டைப் பின்னல். பொருள் ஒன்று, ஆயுள் மூன்று. நீங்கள் ஆயுளைக் கேட்காமல் மாவைக் காய்ச்சியிருக்கிறீர்கள்.

கரும்பலகை – பெப்ரவரி 11

அக்கா, இதை இரண்டு முறை வாசித்தேன். நாளை வகுப்பில் செய்முறையைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்போவதில்லை. வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கும் பிளாஸ்ரிக் பொருட்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை நாள் பயன்படுகிறது என்று எழுதச் சொல்லப்போகிறேன்.

ஐயா, சாப்பாட்டுச் சாமான் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. ஒடியல் மாவை விட்டுவிட்டேன்.

சோளகம் – பெப்ரவரி 14

வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில், பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், வீடு பூநகரிக் கரையில். கடற்பாசி பற்றி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

ரீச்சர் கடையில் வாங்கிய பொதி அகர். வலைப்பாட்டுப் பக்கம் கயிற்றில் கட்டி வளர்ப்பது கப்பாபைக்கஸ், அது வேறு இனம். அதிலிருந்து வருவது கராஜீனன், அகர்போலக் களியாகும் இன்னொரு பொருள். துண்டு கட்டிவிட்டால் ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. கரையில் உலர்த்தி, மூட்டையாகக் கட்டி, வெளிநாட்டுக்குப் போகிறது. சாறு எடுக்கும் வேலை அங்கே நடக்கிறது, எங்களுக்கு வருவது காய்ந்த பாசியின் விலை மட்டும்.

பாடசாலை அளவில் செய்யலாம். காய்ந்த பாசியை உப்புப் போகக் கழுவி, வெந்நீரில் கரையும்வரை அவித்து, துணியில் வடித்தால் ஒரு தளர்ந்த களி கிடைக்கும். அதை இறுக்குவது பொட்டாசியம். எங்கள் வயல்களுக்குப் போடும் எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைட்டுத்தானே! ஒரு சிட்டிகை கரைத்து விட்டால் களி விறைக்கும். நான் முதலில் பார்த்தபோது கைதட்டினேன். உரத்தில் வேறு கலப்படமும் இருக்கும், ஆகவே அதை யாரும் வாயில் வைக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்; தொழிற்சாலையில் காரம் சேர்த்துக் காய்ச்சுவார்கள், களி இன்னும் உறுதியாக வரும். அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டாம். இறால் கோதிலிருந்து கைற்றோசன் எடுக்கலாம் என்று இணையத்தில் காணும் செய்முறைக்கும் இதே எச்சரிக்கை. நந்திக்கடல் இறாலும் கோதும் எங்களிடம் தாராளம், ஆனால் ஒரு பக்கம் அமிலம், மறுபக்கம் எரிசோடா. கண்ணாடியும் கையுறையும் இல்லாத வகுப்பறைக்கு அது ஆகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், எங்கள் ஊர்க்காரர் கோபித்தாலும். கப்பாபைக்கஸ் இந்தக் கடலுக்கு உரியதல்ல. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், குருசடைத் தீவில், வளர்ப்பிலிருந்து தப்பிய பாசி உயிருள்ள பவளத்தின்மேல் போர்வைபோல் படர்ந்ததை 2008இலேயே எழுதியிருக்கிறார்கள். தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று நல்லது ஆகிவிடாது. ரீச்சரின் பாடத்தில் அதற்கும் ஒரு பக்கம் வேண்டும்.

மாட்டுக்காரன் – பெப்ரவரி 15

முல்லைத்தீவு. என் பெறாமகள் பாடசாலையில் செய்த மாத்தட்டை வீட்டுத் திண்ணையில் காயவைத்தாள். கட்டாக்காலி மாடு ஒன்று வந்து நான்கையும் தின்றுவிட்டுப் போனது. மக்குகிறதா என்று ஆறு மாதம் பார்க்கத் தேவையில்லை.

பகிடி ஒருபக்கம். மிளகாய், கத்தரி நாற்றுப் போடும் கறுப்புப் பொலித்தீன் பையைக் கவனியுங்கள். ஐந்து ஆறு கிழமைதான் அதற்கு வேலை. நடும்போது கிழித்து வரம்பில் போடுவோம். பத்து ஆண்டு கழித்தும் கலப்பையில் சுற்றிக்கொண்டு வரும். 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை போட்டார்கள், இந்தப் பையை ஒருவரும் கேட்கவில்லை.

கரும்பலகை – பெப்ரவரி 15

அண்ணா, பிள்ளைகளின் பட்டியலிலும் அதுதான் முதலாவதாக வந்தது! தேவை ஆறு கிழமை, ஆயுள் யாருக்கும் தெரியாது. முடிவு செய்துவிட்டோம்: நாற்றுச் சட்டி. ஆறு கிழமை நிற்கவேண்டும், ஏழாவது கிழமை நிற்கக்கூடாது.

வைக்கோலும் உமியும் இரணைமடு வயல்களில் வேண்டியமட்டும். ஒட்டுவதற்கு என்ன?

பனிமனிதன் – பெப்ரவரி 16

சிறுவயதில் பட்டம் ஒட்டியது சோற்றுப்பசையில். பாடசாலையில் மதிய உணவு சமைக்கிறார்கள் அல்லவா? வடித்த கஞ்சியை எங்கே ஊற்றுகிறார்கள்? அதைச் சுண்டக் காய்ச்சுங்கள். இன்னும் பிடிப்பு வேண்டுமென்றால் புளியங்கொட்டை. வறுத்துத் தோல் நீக்கி, இடித்து மாவாக்கி, தண்ணீரில் காய்ச்சினால் வரும் பசை லேசுப்பட்டதல்ல. நூலுக்குக் கஞ்சி போட நெசவுக்காரர் வைத்திருந்த சாமான் அது. புளியைக் கரைத்துவிட்டுக் கொட்டையை எறிகிறோம், ஆகவே யாருடைய சோற்றிலும் கைவைக்கவில்லை.

உமியை மட்டாகப் போடுங்கள். அதில் மணல்போலச் சிலிக்கா; அரைத்தால் கத்தி மழுங்கும், மண்ணில் மக்கவும் நாள் எடுக்கும்.

உமிக்கரி – பெப்ரவரி 16

ஐயா குறுக்கே பேசவந்து குறுக்குவழி காட்டிவிட்டார்.

வார்ப்பை அச்சுப்பொறியில் எடுக்காதீர்கள், ரீச்சர். அமுக்கினால் வெடிக்கும், சூட்டுக்கும் ஆகாது. 4 மில்லிமீற்றர் பிளைவூட்டில் வட்டங்களை லேசரால் வெட்டி, ஒவ்வொன்றும் சற்றுச் சிறிதாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். உட்புறத்தை உரசித் தேன்மெழுகு பூசுங்கள். வன்னித் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு கிடைக்கும். நேரே அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அமுக்குவதற்குக் கார் ஜக்கு ஒன்று போதும்.

கரும்பலகை – மே 17

நீண்ட நாள் வரமுடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

கஞ்சி, புளியங்கொட்டை மா, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல், கொஞ்சம் உமி. முதல் பத்துச் சட்டியும் வார்ப்போடு ஒட்டிக்கொண்டன, மெழுகு போதவில்லை. பிறகு வந்தன. வாயகலம் 80 மில்லிமீற்றர் வார்ப்பில் எடுத்தது காய்ந்ததும் 73 ஆனது. கணிதப் பாடத்தில் எப்போதும் பின்வரிசை வாங்கில் ஒளிந்திருக்கும் ஒரு மாணவன்தான் எழுந்து, “73ஐ 80ஆல் வகுத்தால் 0.91. அப்படியென்றால் 80 வேண்டுமானால் 88இல் வெட்டவேண்டும்” என்றான். படத்தில் அந்த எண்ணை ஓர் இடத்தில் மாற்றியதும் எல்லா வட்டங்களும் தாமாகப் பெரிதாகின. வைக்கோல் ஈரமாக இருக்கும் நாளில் சுருக்கம் வேறு என்று இப்போது அவனே தனிக் கணக்கு வைத்திருக்கிறான். திறப்பு வளையம் செய்தபோது ஒருவரும் அளவுகோலைத் தொட்டதில்லை.

மார்ச் கடைசியில் பாடசாலைத் தோட்டத்தில் சட்டி, பி.எல்.ஏ. துண்டு, அக்ரிலிக் துண்டு, பொலித்தீன் பை நான்கையும் நிறுத்துப் புதைத்தோம். ஆறு கிழமையில் தோண்டினோம். சட்டியை நிறுக்க முடியவில்லை, வேர் புகுந்து மண்ணோடு கலந்து கிடந்தது. பி.எல்.ஏ. துண்டில் அச்சுக் கோடுகூட அழியவில்லை. உமிக்கரி அண்ணா சொன்னதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெட்டியில் மக்கும் என்று எழுதியிருந்ததை வாசித்த பிள்ளைகள் என்னைத்தான் கோபமாகப் பார்த்தார்கள்.

தோல்விகளும் உண்டு. நாள்தோறும் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிய சட்டிகள் நான்காம் கிழமையே இடிந்தன. அவற்றுக்குப் புளியங்கொட்டையைக் கூட்டவேண்டும். களஞ்சிய அறையில் அடுக்கிய முப்பது சட்டியைக் கறையான் தின்றது. கூடவே எங்கள் அளவுப் பதிவேட்டின் பின்னட்டையையும் தின்றுவிட்டது, ஏப்ரல் மாதக் கணக்குப் பாதி போய்விட்டது. மாரி வந்தால் பூஞ்சணம் எப்படியிருக்கும் என்று பார்க்கவேண்டும். சிப்பிக்காளான் இழையால் வைக்கோலைப் பிணைக்கும் முறையையும் அப்போதுதான் தொடங்குவோம். இந்த வெக்கையில் அது வளராது.

சோளகம் தம்பி, உங்கள் உரக் களியைக் காட்டினேன். கைதட்டல் இங்கேயும் விழுந்தது. குருசடைத் தீவுக் கதைக்குப்பிறகு வகுப்பு இரண்டாகப் பிரிந்து ஒரு பாடவேளை முழுவதும் சண்டை. கடற்கரைப் பிள்ளைகள் ஒரு பக்கம், வயற்பிள்ளைகள் மறுபக்கம். நான் மணி அடிக்கும்வரை வாயே திறக்கவில்லை.

பட்டைக்கூடை அக்கா, ஒரு வேண்டுகோள். சட்டிகளை வயலுக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும். பிளாஸ்ரிக் கூடையில் கொண்டுபோனால் பிள்ளைகளே சிரிப்பார்கள். வந்து கற்றுத்தருவீர்களா? வழிச்செலவும் நாட்கூலியும் அதிபரிடம் பேசிவிட்டேன், மறுக்காதீர்கள்.

பட்டைக்கூடை – மே 18

கூலி பேசிக் கூப்பிட்ட முதல் பாடசாலை நீங்கள்தான். வியாழன் வருகிறேன். ஈரம் தாங்கவேண்டும், முப்பது சட்டி சுமக்கவேண்டும் என்றால் கடகம். விளிம்புக்கு நார் நான் கொண்டுவருகிறேன். ஓலையை முதல்நாளே தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடி வையுங்கள். வார்வதற்குப் பிள்ளைக்கு ஒரு சின்னக் கத்தி. அன்றைக்கு மட்டும் அந்த லேசரை நிறுத்திவையுங்கள்.

கரும்பலகை – மே 18

வியாழன் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை எங்கள் பக்கம் மின்சாரம் இல்லையென்று அறிவித்திருக்கிறார்கள், அக்கா. அது தானாகவே நிற்கும்.